உங்கள் நாலு விரல்

அண்ணா,

நைலான் எரிந்த நாற்றம் சேலையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, திரும்பவும் துவைத்துவிட்டேன். முந்தானையை மூக்கருகே கொண்டுபோனால் அதே கரி வாடை. இந்த வாடை எனக்குப் புதிது இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் என்னுடைய இன்னொரு சேலையும் இப்படித்தான் நாறியது. அதைத் திரும்பக் கட்டப் பிடிக்காமல் கிழித்து அடுப்படித் துணியாக்கினேன். அன்றைக்கு வலையை எரிக்க வைத்தவர் நீங்கள். நேற்று எரித்தவள் நான். என் மகள் வீட்டு வலை. அதை உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது? உயிரோடு இருக்கிறவர்கள் ஒருவரும் நேற்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நம் அணைக்கரையில் உங்களைத் தெரியாத ஆள் கிடையாது. மீனவர் சங்கத் தலைவர் என்பது பெயருக்குத்தான். அந்தத் தண்ணீரையே உங்கள் பேருக்கு எழுதி வைத்த மாதிரி நடந்துகொண்டீர்கள். பரிசலும் சேறும் செதிலுமாகக் கிடக்கிற கரையில் வெள்ளை வேட்டியோடு நின்ற ஒரே மனிதர் நீங்கள். அது எப்படி நனையாமல் இருந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விடிந்து பரிசல்கள் கரை ஒதுங்கும்போது எடைக் கொட்டகை வாசலில் நிற்பீர்கள். மீனைப் பார்க்க மாட்டீர்கள், வலையைத்தான் பார்ப்பீர்கள். வலையை விரித்துப் பிடித்து அதன் ஒரு கண்ணுக்குள் உங்கள் வலது கையின் நான்கு விரல்களையும் சேர்த்து நுழைப்பீர்கள். தடங்கல் இல்லாமல் விரல் முட்டி வரைக்கும் போய்விட்டால் சரி. சுண்டுவிரல் மட்டும் வெளியே நின்றுவிட்டால் அந்த வலைக்காரருக்கு அன்றைய பொழுது போச்சு.

மீன்துறைக்காரர்கள் அளவை மில்லிமீட்டரில் சொன்னார்கள். கரையில் மில்லிமீட்டர் யாருக்குப் புரியும்? உங்கள் விரல் எல்லோருக்கும் புரிந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே விளக்கம்தான் வைத்திருந்தீர்கள். “வலை எங்கீங்க மீனைப் புடிக்குது? கண்ணுதான் புடிக்குது. தலை உள்ள போகோணும், ஒடம்பு போகக் கூடாது. பொறத்தால வரலாம்னு பாத்தா செவுளு மாட்டிக்கும். எந்தத் தலை உள்ள போகோணும்னு நாமதானுங்க முடிவு பண்றோம்.” நாலு விரல் வலையில் வளர்ந்த கட்லா மாட்டும், குஞ்சு நழுவிப் போகும். இரண்டு விரல் வலையில் பெரிய கட்லா மூக்கை இடித்துவிட்டுத் திரும்பிவிடும். மாட்டுவதெல்லாம் உள்ளங்கை அளவுக் குட்டிகள். லாரியில் கொண்டுவந்து அணையில் விட்ட குஞ்சுகள் பாதி வளர்ந்திருக்கும்போதே செத்துப்போகும். அடுத்த வருஷம் பெரிய வலைக்கு மாட்ட மீனே இருக்காது. இது உங்கள் கட்சி. மற்றவர்களின் கட்சி ஜிலேபி மீன். அது எந்த வயதிலும் நாலு விரலுக்கு நிற்கும் அளவுக்கு வளராது. கட்லா கிடைக்காத கோடையில் வீட்டில் உலை வைக்க வேண்டுமென்றால் ஜிலேபிதான் கதி. ஜிலேபிக்கென்று சின்னக் கண்ணைப் போட்டால் அதில் கட்லாக் குட்டியும் வரும். கூடாது என்று வலைக்குச் சொல்லவா முடியும்?

நீங்கள் மற்றவர்கள் வலையை எரிக்க வைத்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. “ஏனுங்க, இதைக் கொஞ்சம் இப்படி வெளில போடுங்க” என்பீர்கள். “காத்து அந்தப் பக்கம் அடிக்குது, இக்கட்ட நின்னுக்குங்க, பொகை வரும்” என்று அக்கறையாகச் சொல்வீர்கள். வலைக்காரர் கையாலேயே நெருப்பு வைக்கச் சொல்வீர்கள். அது நீங்கள் போட்ட சட்டம். கெட்ட வார்த்தை பேசுகிறவனிடம் திருப்பிப் பேசலாம். அடிக்க வந்தால் கையைப் பிடிக்கலாம். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுக்கொண்டு பிழைப்பில் கொள்ளி வைக்கிற மனிதரை என்ன செய்ய முடியும்? அப்போதெல்லாம் எனக்கு உங்களை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. எரிவது அடுத்த வீட்டு வலையாக இருந்தவரைக்கும் ஊருக்கே நீங்கள் தர்மவான்தான்.

என் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த சீரில் பித்தளைக் குடத்துக்கும் பட்டுச்சேலைக்கும் நடுவில் ஒரு புது வலையும் இருந்தது. நாலு விரல் வலை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் சட்டை செய்யவில்லை. மணவறையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் கையை இழுத்து அந்த வலைக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தீர்கள். “மாப்ளைக்கு வெரல் சன்னமுங்க. அளவுக்கு என்ர கையை நெனச்சுக்குங்க” என்றீர்கள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரித்தார். நல்ல மனிதர் அண்ணா அவர். உங்களை அவ்வளவு பிடிக்கும் அவருக்கு. நீங்கள் கரையில் நிற்பதைப் பரிசலில் இருந்தே பார்த்துவிட்டால் துடுப்பை வைத்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துக்கொள்வார். தண்ணீர் நடுவில் நின்றுகொண்டு மரியாதை செய்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாப்பாவுக்குக் காது குத்தினோமே, அந்தக் கோடைக்கு வருகிறேன். தண்ணீர் வற்றி அணையின் நடுவயிறு தெரிந்தது. பெரிய மீனெல்லாம் மதகுப் பக்கத்து ஆழத்துக்குப் போய்விட்டது. அங்கே வலை போடக் கூடாது. எல்லோருடைய நாலு விரல் வலையும் காலையில் சருகும் பாசியுமாகத்தான் வந்தது. எடைக் கொட்டகைத் தராசில் ஒரு நாய் படுத்திருந்ததை நானே பார்த்தேன். நாங்கள் புளித்தண்ணீரும் சோறுமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். அதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? காது குத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அன்றைக்கு மாமனுக்கு முதல் இலை. வந்தவர்களுக்கெல்லாம் ஆட்டுக்கறி. ஆனால் நீங்கள் ஆட்டுக்கறி தொட மாட்டீர்கள், மீன் இல்லாமல் சோறு இறங்காது என்பது எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்கு அதே கவலை. “மாமன் எலையில மீனு இல்லீன்னா ஊரு சிரிக்கும் புள்ள” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கிருந்தோ ஒரு இரண்டு விரல் வலையை வாங்கிவந்தார். நான் வேண்டாம் என்றேன். “ஜிலேபி மட்டும்தான், அதும் ஒரே தடவை, அதும் உங்கண்ணனுக்குத்தான்” என்றார். யாருக்குப் பயந்து அந்த வலையைத் தொடாமல் இருந்தாரோ அவருக்கு மரியாதை செய்வதற்காகவே தொட்டார்.

ஜிலேபி வந்தது. கூடவே கட்லாக் குட்டிகளும் வந்தன. ஜிலேபியை உங்களுக்கென்று ஒரு சட்டியில் வைத்தேன். குட்டிகளை வீட்டு ஆட்களுக்கென்று வேறொரு சட்டியில் போட்டுப் பின்கட்டில் மூடிவைத்தேன். கோயிலில் பாப்பா உங்கள் மடியில் வீறிட்டாள். நீங்கள் கொண்டுவந்த பொன்தோடு அவள் காதில் ஏறியது. கண்ணீரை உங்கள் துண்டாலேயே துடைத்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து முதல் இலையில் உட்கார்ந்தீர்கள். பரிமாறியது என் நாத்தனார். உங்களுக்குக் கட்லாத் தலை என்றால் உயிர் என்று எப்போதோ நான் சொன்னதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறாள். பின்கட்டுச் சட்டியைத் திறந்து துழாவி எடுத்துவந்து, “அண்ணனுக்குப் புடிச்சதுங்க” என்று சிரித்தபடி உங்கள் இலையில் வைத்தாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்லாத் தலை. மேல்பக்கம் பார்த்துப் பிளந்த வாய். அதை வேறு மீன் என்று யாரிடம் சொல்லி ஏமாற்ற முடியும்?

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். எழுந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். எழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் அண்ணா. சோற்றைத் தள்ளிவிட்டு, என்னையும் அவரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருந்தால்கூட நான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்கள். அந்தத் தலையை எடுத்துச் செவுளைப் பிரித்து, உள்ளே இருந்ததை உறிஞ்சி, கடைசி முள் வரைக்கும் சுத்தமாகச் சாப்பிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினீர்கள். “கொழம்பு நல்லா வந்திருக்குது அம்மணி” என்றீர்கள். இலையை உங்கள் பக்கமாகவே மடித்தீர்கள். கை கழுவினீர்கள். பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனீர்கள். திரும்பி வரும்போது இன்னொரு கையில் ஆட்டுப்பட்டிக்குள் நாங்கள் மறைத்து வைத்திருந்த சாக்கு.

பந்தி முடிந்தவர்களும் முடியாதவர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் சாக்கில் இருந்த வலையை விரித்து உங்கள் கையை விட்டுப் பார்த்தீர்கள். மூன்றாவது விரலே போகவில்லை.

“ஏனுங்க மாப்ள, இது என்னதுங்க?”

“ஜிலேபிக்குப் போட்டதுங்க. உங்க எலைக்குத்தானுங்க.”

“தெரியுமுங்க. உங்க மரியாதையக் கொறைக்கக் கூடாதுன்னுதான் முழுசாத் தின்னுபோட்டு வந்தேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். “அம்மணி, அடுப்படில தீப்பெட்டி இருக்கும், எடுத்துட்டு வா” என்றீர்கள். சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் பீடி பற்றவைப்பது வழக்கம். சாக்கையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் நான் பீடிக்குத்தான் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் அண்ணன் என்கிற நம்பிக்கை. ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். நீங்கள் அதை என் வீட்டுக்காரர் கையில் வைத்தீர்கள். “நீங்களே வையுங்க மாப்ள. நான் வெச்சா அது தண்டனை. நீங்க வெச்சா அது திருந்துனது” என்றீர்கள். அவர் கிழித்த குச்சி அணைந்து அணைந்து போனது. ஒவ்வொரு தடவையும் “மெதுவா, மெதுவா” என்று தைரியம் சொன்னீர்கள். நைலான் பற்றிக்கொண்டு கறுப்புத் துளிகளாகச் சொட்டியது. உங்கள் இடுப்பில் இருந்த பாப்பா, காது சிவந்து வீங்கிப்போய், புகையில் இருமினாள். என் மாமியார் வீட்டுச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எரிந்து முடிந்ததும் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, “போயிட்டு வாரேனுங்க” என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனீர்கள். வேட்டியில் ஒரு கரும்புள்ளி இல்லை.

அந்த வாரமே என் வீட்டுக்காரர் துடியலூருக்குப் பஸ் ஏறினார். பம்பு செய்கிற ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை. தண்ணீரில் நின்ற மனிதர் உலை முன்னால் நின்றார். ஞாயிற்றுக்கிழமை வருவார், துவைத்த துணியை எடுத்துக்கொண்டு போவார். அணைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நான் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் மீன் வியாபாரத்துக்கு உட்கார்ந்தேன். இன்றைக்கு அவர் வேலையும் இல்லாமல், சரியான மூச்சும் இல்லாமல் வீட்டில் இருக்கிறார். பட்டறை மணல் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். பத்து எட்டு நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.

இதில் எனக்கு ஆறாதது எது தெரியுமா அண்ணா? நீங்கள் செய்தது சரியாகப் போனதுதான். தலைவர் தன் மச்சான் வலையையே விடவில்லை என்றதும் கரையில் அத்தனை பேரும் அடங்கிப்போனார்கள். சின்னக் கண் வலைகளைத் தாங்களாகவே கொண்டுவந்து போட்டார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் கட்லா வந்தது பாருங்கள், ஒவ்வொன்றும் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. காரமடையில் இருந்தெல்லாம் ஆள் வந்து வாங்கிப் போனார்கள். அந்தக் கட்லாவை விற்றுத்தான் நான் பாப்பாவைப் படிக்க வைத்தேன், கட்டிக் கொடுத்தேன். நீங்கள் செய்தது தப்பாகப் போயிருந்தால் மனதாரத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. கொட்டகைக்கு நான் கூடை தூக்கிக்கொண்டு வரும்போது உங்களோடு பேச மாட்டேன். நீங்களும் என்னிடம் பேச மாட்டீர்கள். எடை போடுகிறவரிடம் மட்டும், “அம்மணிக்கு நல்ல தலையாப் பாத்துப் போடுங்க” என்பீர்கள். நான் அந்தத் தலையை மட்டும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு மற்றதை வாங்கிக்கொண்டு போவேன். வருஷக்கணக்கில் இதே கூத்து. நம் இருவருக்கும் அலுக்கவே இல்லை.

நீங்கள் போவதற்குச் சில மாதம் முன்னால் என் கடைக்கு வந்தீர்கள். வேட்டி அப்போதும் வெள்ளைதான், ஆள்தான் இளைத்திருந்தீர்கள். யாரோ மாதிரி விலை கேட்டீர்கள். நானும் யாருக்கோ சொல்வது மாதிரி சொன்னேன். மீனை வெட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னீர்கள். “எரிச்சது எரிச்சதுதான் அம்மணி. அதுல எனக்கு வெசனமில்லை. ஆனா நான் அன்னிக்குச் சாப்புட்டிருக்கக் கூடாது.” நான் தலை நிமிரவில்லை. அரிவாள்மனையில் கை வெட்டுப்பட்டுவிடும் என்று பயந்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் ரோட்டைத் தாண்டி நீலகிரி பஸ் நிற்கிற கூட்டத்துக்குள் போய்விட்டீர்கள். வாழ்நாளில் நீங்கள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அதையும் பாதியாகத்தான் கேட்டீர்கள்.

நீங்கள் செத்த அன்று வந்தேன். அவரும் வந்தார். சாமியானாவுக்கு வெளியே ரோட்டில் நின்றார், உள்ளே வரவில்லை. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பொய் எதற்கு? சாமியானாவுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சங்கத்து ஆட்கள் பேசியது காதில் விழுந்துகொண்டே இருந்தது. “இனி மூணு வெரல் போதுமுங்க.” “அவரு கை அப்படி, நம்ம கைக்கு நாலுன்னா நாலுதானே?” என்று ஒருவர் தன் கையை நீட்டிக் காட்டினார். கல்லூரிப் பெண்ணின் கை மாதிரி இருந்தது. இன்னும் சாம்பலாகக்கூட ஆகவில்லை நீங்கள், அதற்குள் உங்கள் விரல் சுருங்கத் தொடங்கிவிட்டது.

நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இடுப்பில் கூடை கட்டுகிற நூல் இருந்தது. உங்கள் வலது கையை எடுத்து, நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்து, முட்டிக்குக் கீழே நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். விரல்கள் விறைத்துப் போயிருந்தன, சேர்ப்பதற்குக் கொஞ்சம் பலம் போட வேண்டியிருந்தது. சுற்றி இருந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதார்கள். தங்கச்சி அண்ணன் கையை விட மாட்டேன் என்கிறாள் என்று. அண்ணி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அளவெடுக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நூலை உருவி எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அன்பினால் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த விரலுக்கு என் வீட்டையே பலி கொடுத்திருக்கிறேன். இவர்கள் சாமியானாவுக்கு அடியில் காபி குடித்துக்கொண்டே அதை மூன்றாக்கிவிடுவதா?

வீட்டுக்கு வந்து அவரிடம் பழைய துடுப்பைக் கேட்டேன். எதற்கென்று சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே எழுந்து, பரணில் இருந்து அவரே இறக்கிக் கொடுத்தார். “அதாச்சும் ஒண்ணுக்கு ஆகட்டும்” என்றார். சிறுமுகையில் ஒரு தச்சரிடம் கொடுத்து, நூல் சரியாகப் பொருந்துகிற கனத்துக்கு ஒரு கட்டை இழைத்து வாங்கினேன். சங்கக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தபோது சிரித்தார்கள். அளக்கிற வேலை யாருக்கு வேண்டும்? ஊர்ப் பொல்லாப்பு வருகிற வேலை. வேறு ஆள் முன்வராததால் என்னிடமே தள்ளிவிட்டார்கள். அந்தக் கட்டையை நான் முதலில் என் கையோடு வைத்துப் பார்த்தேன். என் நாலு விரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கட்லாக் குட்டி நழுவிப் போகிற அளவு இடம் இருக்கிறது.

இனி நேற்றைக்கு வருகிறேன். மருமகன் ராத்திரியில் நரம்பு வலை போடுகிறார் என்று காதில் விழுந்து கொஞ்ச நாள் ஆகிறது. தூண்டில் நரம்பிலேயே பின்னியது, தண்ணீருக்குள் போட்டால் மீனுக்கும் தெரியாது, மனிதனுக்கும் தெரியாது. பொரித்த சின்ன மீனுக்கு மேட்டுப்பாளையம் ரோட்டு ஓட்டல்களில் அடிபிடியாம். பாப்பா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். போகாமல் இருந்திருக்கலாம். போகிறேன் என்றால் கட்டையோடு போக வேண்டும், கட்டை இல்லாமல் போனால் நாளைக்குக் கரையில் எந்த முகத்தோடு நிற்பது? பையில் கட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

வழி முழுக்க உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் செய்தது ஒன்றையும் செய்யக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டேன். பாப்பா இலை போட்டிருந்தாள். சோறு ஆவி பறந்தது. நான் உட்காரவில்லை. “மொதல்ல வலையக் காட்டச் சொல்லு அம்மணி” என்றேன். அவள் என் பையைப் பார்த்தாள். அவ்வளவுதான், முகம் கறுத்துவிட்டது. மருமகன் பம்பு ஷெட்டில் இருந்து கொண்டுவந்து போட்டார். கட்டை கண்ணுக்குள் நுனிகூட நுழையவில்லை. ஆள் கூட்டவில்லை நான். அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் சாத்தியிருந்ததைப் பார்த்துக்கொண்டேன். அவர் கையில் கொடுத்து நெருப்பு வைக்கச் சொல்லவில்லை. நானே வைத்தேன். பொறுமையாக, முழுசாக எரிகிறவரைக்கும் நின்றேன். எனக்குத் தெரிந்த கருணை அவ்வளவுதான்.

எரிந்து முடிந்ததும் பாப்பா வாசலுக்கு வந்தாள். இலையை அப்படியே மடித்துக் கையில் வைத்திருந்தாள், சோறு உள்ளேயே இருந்தது.

“மாமன் பரவால்லீங்கம்மா” என்றாள். “எரிக்கறதுக்கு முன்னாடி நம்மூட்டுச் சோத்தைத் தின்னாங்க. நாம அவருக்கு ஒறம்பரை, சொந்தம்னு இருந்துச்சு. நீங்க என்ர ஊட்ல கையே நனைக்கலீங்களே. ஆபீஸரு மாதிரி வந்தீங்க.”

நீங்கள் வருத்தப்பட்ட அந்த ஒன்றைத்தான் நான் செய்யாமல் விட்டேன். அவளுக்கு அதுதான் பெரிதாக இருந்திருக்கிறது. பொழுதோடு கிளம்பும்போது “போங்கம்மா” என்றாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. கொங்கு நாட்டில் வாசலுக்கு வந்த பிச்சைக்காரரைக்கூட அப்படி அனுப்ப மாட்டோம். நீங்கள் எரித்த வலைக்காரர்கள்கூட உங்களைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இடுப்பைத் தடவிப் பார்த்தேன். அது அங்கேதான் இருந்தது. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஓடிப்போய் உங்களிடம் தீப்பெட்டி கொடுத்த அந்த நாளில் இருந்து, மடியில் என் சொந்தத் தீப்பெட்டி ஒன்றை முடிந்து வைத்திருக்கிறேன். எதற்கென்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எந்த வீட்டுப் பெண்ணிடமும் அவள் அடுப்படியில் இருந்து தீப்பெட்டி எடுத்துவரச் சொல்லும் நிலைமை எனக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். நேற்று பாப்பாவிடம் நான் அதைக் கேட்கவில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

இன்று காலையில் கரைக்குப் போனேன். கட்டையும் கொண்டுபோனேன். மகள் வீட்டு வலையையே விடவில்லை என்று அதற்குள் செய்தி போயிருந்தது. பரிசல்காரர்கள் ஒவ்வொருவராகத் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு இறங்கினார்கள். உங்களுக்குச் செய்த அதே மரியாதை. சிலர் சாக்கில் சுற்றி, சின்னக் கண் வலைகளைத் தாங்களாகவே கொண்டுவந்து என் காலடியில் போட்டார்கள். நான் மடியை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நிறையக் குச்சி இருந்தது.